திருச்சியா, மதுரையா? இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் வரை, டிக்கெட் போடும் நாளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். திருச்சியில் இறங்குவதா, மதுரையில் இறங்குவதா? பெரும்பாலும் கட்டணம் எங்கே குறைவோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பிறகு கார் வாடகை, சாப்பாடு, தூக்கம் கெட்ட இரவு என்று மிச்சம் பிடித்ததற்கு மேலேயே செலவாகிவிடுகிறது. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, வீட்டு வாசலிலிருந்து விமானத்தின் இருக்கை வரை எத்தனை மணி நேரம் என்று கேட்கப் பழகிவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துத் தூரம் கேட்டால், முதலில் வரும் எண் வான்வழி நேர்கோட்டுத் தூரம். திருச்சிக்கும் மதுரைக்கும் அது ஏறத்தாழ 123 கி.மீ. இதை நீங்களே கைப்பேசிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். திருச்சி விமான நிலையம் 10.765 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கு. மதுரை விமான நிலையம் 9.835 வடக்கு, 78.09 கிழக்கு. வடக்கு தெற்காக ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ., கிழக்கு மேற்காக நம் பகுதியில் ஏறத்தாழ 109.5 கி.மீ. வித்தியாசங்களைப் பெருக்கினால் ஒரு பக்கம் ஏறத்தாழ 103, இன்னொரு பக்கம் 68. பள்ளியில் படித்த பிதகோரஸ் தேற்றப்படி இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 123 வந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடமே கொடுங்கள். புத்தகக் கணக்கைவிட இதை ஆசையாகப் போடுவார்.

2. அந்த 123-ஐ வைத்துக் காருக்கு நேரம் கணக்கிடாதீர்கள். சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 145 கி.மீ. சமவெளியில் நேர்கோட்டுத் தூரத்தோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் சாலைத் தூரம் ஓரளவு கிடைத்துவிடும். மலை குறுக்கிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கோவை விமான நிலையத்துக்கும் நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ.தான், திருச்சி மதுரை அளவே. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட பாலக்காட்டுக் கணவாய்க்குத்தான் போயாக வேண்டும். வாளையார், பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி என்று சுற்றி வருவதற்குள் 170 கி.மீ.யை ஒட்டி வந்துவிடும். குதிரான் சுரங்கப்பாதைகள் 2021, 2022-இல் திறந்த பிறகு அந்த வழியில் முன்பிருந்த பெரும் நெரிசல் குறைந்தது. இருந்தாலும் திருச்சி மதுரைக்கு ஆகும் நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியாது. எந்த இரண்டு ஊரானாலும் நடுவில் மலையா, ஆறா, கடலா என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

3. திருச்சியிலிருந்து மதுரைக்கு நேரம் சொல்லும்போது வழியை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு திருச்சி நகரம். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், செம்பட்டுப் பக்கம் இருக்கிறது. மதுரைச் சாலையைப் பிடிக்க டி.வி.எஸ். டோல்கேட், மன்னார்புரம் வழியாகப் பஞ்சப்பூர் வரவேண்டும். ஏறத்தாழ 10 கி.மீ. நள்ளிரவில் கால் மணி நேரம், மாலை ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம். இரண்டாவது துண்டு நான்குவழிச் சாலை. விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர். இங்கே நேரம் அதிகம் மாறாது, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது துண்டு மதுரை. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. மாட்டுத்தாவணி வழியாக ஊருக்குள் நுழைந்தால் கோரிப்பாளையம், தெற்குவாசல் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நிற்க வேண்டியதுதான். உத்தங்குடியிலேயே இடது பக்கம் சுற்றுச்சாலையில் திரும்பி, விரகனூர் வழியாக மண்டேலா நகர் வந்து இறங்குங்கள். மொத்தத்தில் இரவில் இரண்டேகால் மணி நேரம், பகலில் இரண்டே முக்கால். மாலை வேளையில் திருச்சியில் புறப்பட்டால் மூன்று மணி நேரம் என்று சொல்வதே நேர்மையான கணக்கு.

4. "ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட் இருக்கே, பிளேன்லயே போயிடலாமே" என்று குழந்தைகள் கேட்பார்கள். பெரியவர்களும் கேட்கிறார்கள். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு விமானம் ஏறுவதென்றால் சென்னை போய்த் திரும்பி வரவேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 415 கி.மீ.யை ஒட்டி, சென்னையிலிருந்து திருச்சிக்கு 290-ஐ ஒட்டி. ஆக 123 கி.மீ.யைக் கடக்க 700 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது, பறப்பது, சென்னையில் காத்திருப்பது, மறுபடி பறப்பது எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கார் அதில் பாதிக்குள் போய்விடும். 300 கி.மீ.க்கு உட்பட்ட தூரத்துக்கு விமானம் எதற்கு என்பதே என் எண்ணம். கடல் குறுக்கே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

5. டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் முழுவதும் வானில் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போன இடத்தில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான் இருக்கும். ஓடுபாதைக்குப் போவதும், வரிசையில் நிற்பதும், இறங்கி வளைந்து வருவதும் மீதி. இதனால்தான் குறுகிய தூரத்தில் விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானத்துக்கும் பெரிய ஜெட்டுக்கும் நேர வித்தியாசம் அதிகம் தெரிவதில்லை. ஏ.டி.ஆர். மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டிப் போகும், ஜெட் 800-க்கு மேல் போகும். ஆனால் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும் தூரத்தில் அந்த வேகத்தைக் காட்ட இடமே இல்லை.

6. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், இலங்கை நம் நேரமேதான். சிங்கப்பூரில் இரவு 10.30-க்குப் புறப்பட்டு திருச்சிக்கு 12.15-க்கு வருகிறது என்று இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே 10.30 என்றால் இங்கே எட்டு மணி. ஆகவே பயணம் நாலேகால் மணி நேரம். ஏறத்தாழ 3,000 கி.மீ.க்கு அது சரியான நேரம். நடுவில் மாத்திரை சாப்பிட வேண்டிய சர்க்கரை நோயாளிகளும், பால் குடிக்கும் குழந்தையை வைத்திருப்பவர்களும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் கிளம்பக் கூடாது.

7. மேலே சொன்ன அதே 12.15-இல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் கண்ட அளவில் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

"அப்பா, பதினஞ்சாம் தேதி ராத்திரி பன்னெண்டே காலுக்கு இறங்குறேன்."

"சரிம்மா, பதினஞ்சாம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டுக் கார எடுத்துட்டு வந்துடுறேன்."

மகள் சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் அவர் மனக்கணக்கில் சரி. ஆனால் மகள் வந்து இறங்குவது பதினான்காம் தேதி இரவு. பதினைந்து பிறந்து கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். அப்பா மறுநாள் இரவு வந்து நிற்பார். ஏறப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, ஒரு நாள் தாமதமாகப் போனால் டிக்கெட்டே போச்சு. நள்ளிரவு 12 மணி முதல் காலை 4 மணி வரை உள்ள எந்த விமானத்துக்கும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். "செவ்வாய் ராத்திரி, புதன் விடிஞ்சா" என்று இரண்டு கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாள்காட்டியில் வட்டம் போடும்போது வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதிக்கு வட்டம் போடுங்கள்.

8. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து முன்னால் கணக்கிடுங்கள். காரைக்குடிக் குடும்பம் ஒன்று திருச்சியில் நள்ளிரவு 1 மணி விமானம் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டரை மூடிவிடும். சில நிறுவனங்கள் வெளிநாட்டு விமானத்துக்கு அதற்கும் முன்னாலேயே மூடும், டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். பெட்டி எடை, குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் நெருக்கடியில்லாமல் முடிய மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். அதாவது இரவு 10 மணி. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 85 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரம். ஆக 8.15. வழியில் நிறுத்த, டயர் பஞ்சரானால் மாற்ற அரை மணி நேரம். 7.45. பெட்டி ஏற்ற, சாமி கும்பிட, பாட்டியிடம் விபூதி வாங்க அரை மணி நேரம். காரை 7.15-க்கு வரச் சொல்ல வேண்டும், இரவுச் சாப்பாடு 6.30-க்குத் தயாராக இருக்க வேண்டும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டால் "இன்னும் நேரம் இருக்கே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வழியனுப்ப வரும் உறவினர்களுக்கும் 7.15 என்றே சொல்லுங்கள். விமான நேரத்தைச் சொன்னால் எட்டு மணிக்கு வந்து காப்பி கேட்பார்கள்.

9. எந்த ஊருக்கு எது வசதி? புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, விராலிமலை, தஞ்சாவூர்க்காரர்களுக்கு யோசனையே வேண்டாம், திருச்சி. பரமக்குடி, இராமநாதபுரம், விருதுநகர், தேனிக்காரர்களுக்கு மதுரை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 75 கி.மீ., திருச்சி விமான நிலையம் 105-க்கு மேல். அரை மணி நேர வித்தியாசம்தான் என்பதால் நேரடி விமானம் எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம். நிஜமாகவே யோசிக்க வேண்டியவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்தவர்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் 85, மதுரை விமான நிலையம் 100 என்று ஏறத்தாழ சமமாக நிற்கிறது. இவர்கள் தூரத்தை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நேரடி விமானமா, மாறிப் போவதா? இறங்கும் நேரம் பகலா, நடுச்சாமமா? திரும்பும்போதும் அதே நிலையம்தானா? திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டுக்கும் நேரடிச் சேவைகள் அதிகம். மதுரையில் வெளிநாட்டுச் சேவைகள் குறைவு, அதுவும் அடிக்கடி மாறும். எங்கோ ஒரு நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருந்து மதுரைக்கு வருவதைவிட, நேராகத் திருச்சியில் இறங்கி இரண்டரை மணி நேரம் காரில் வருவது உடம்புக்கு நல்லது. மதுரைக்காரர்களுக்கும் இதையே சொல்வேன்.

10. டிக்கெட் போடும்போது குறியீட்டைச் சரிபாருங்கள். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டிலேயே 320 கி.மீ. மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., மங்களூருக்கு ஐ.எக்ஸ்.இ. மதுரைக்கு 'எம்' என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கைப்பேசியில் 'திரு' என்று தட்டியவுடன் வரும் பட்டியலில் முதல் பெயரைத் தொட்டுவிடாதீர்கள்.

11. விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறில் கோடை அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறில் குளிர்கால அட்டவணை. ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் போட்டவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் தாண்டிப் பயணம் இருந்தால், நேரம் மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட வேண்டும். போன வருடம் அக்கா வந்த அதே விமானம் இந்த வருடமும் அதே நேரத்துக்கு வரும் என்று நம்பிக் கார் சொல்லாதீர்கள்.

12. அழைத்து வரப் போகிறவர்கள் விமானம் தரையிறங்கும் நேரத்துக்கே வாசலில் நிற்க வேண்டியதில்லை. உள்நாட்டு விமானம் என்றால் அரை மணி நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்துவிடுவார்கள். வெளிநாட்டு விமானத்தில் குடிநுழைவு வரிசை, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம், கூட்டமிருந்தால் ஒன்றரை. திருச்சியில் இரவு நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்குவதுண்டு. வீட்டிலிருந்து கிளம்பும் முன் விமான எண்ணை வைத்து, அந்த ஊரிலிருந்து எப்போது புறப்பட்டது என்று கைப்பேசியில் பாருங்கள். அங்கே ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் நீங்களும் ஒரு மணி நேரம் தூங்கலாம். வாகன நிறுத்தக் கட்டணமும் மிச்சம்.

13. விமானத்தைக் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். திருச்சி, மதுரை இரண்டிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் சிங்கப்பூர் விமானம் கிழக்கிலிருந்து நேராக வந்து இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் ஊரைத் தாண்டி மேற்கே போய், வளைந்து திரும்பி இறங்க வேண்டியிருக்கும். திரையில் விமானம் திருச்சியைக் கடந்து போவதைப் பார்த்துப் பதற வேண்டாம், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

14. மழையோ பனிமூட்டமோ இருந்து இறங்க முடியாவிட்டால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உள்ள தூரமும் நேரமும் நிஜமாகவே தேவைப்படும் சமயம் இதுதான். விமானி புறப்படும்போதே சேரும் ஊருக்கு, அங்கே முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் சுற்ற என்று கணக்கிட்டு எரிபொருள் வைத்திருப்பார். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. திருச்சிக்கு வர வேண்டியது மதுரையில் இறங்கிவிட்டது என்று செய்தி வந்ததும், காரைத் திருப்பி மதுரைக்கு ஓட்டிவிடாதீர்கள். உங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். வானிலை தெளிந்தால் அதே விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பி, அரை மணி நேரப் பறப்பில் திருச்சிக்கே வந்துவிடும். நீங்கள் மேலூரில் நிற்கும்போது அவர்கள் திருச்சி வாசலில் நிற்பார்கள். உள்ளே இருப்பவர் கைப்பேசியில் பேசி, விமானம் திரும்பக் கிளம்புகிறதா, பயணிகளை இறக்குகிறார்களா, பேருந்து ஏற்பாடு செய்கிறார்களா என்று ஊழியர்களிடம் கேட்டுச் சொல்லட்டும். இறக்குவது உறுதியான பிறகு கிளம்பினால் போதும். விமானத்தில் இருப்பவரும் தன்னிஷ்டத்துக்கு இறங்க நினைக்கக் கூடாது. பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் குடிநுழைவும் முடிந்திருக்காது.

15. விசேஷ நாட்களில் மேலே சொன்ன நேரங்கள் செல்லாது. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. மதுரை ஊருக்குள்ளிருந்து விமான நிலையம் போகும் வழியே அதுதான் என்பதால் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு விமானம் இருந்தால் ஊருக்குள்ளிருந்து வருபவர்கள்கூட சுற்றுச்சாலைக்குப் போய் மண்டேலா நகர் வழியாக வருவதே நல்லது, ஒரு மணி நேரம் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்களில் மூன்றுமாவடி, தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் காரைக் கொண்டுபோகவே கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு இரவுகளில் நான்குவழிச் சாலையில் தெற்கே போகும் பக்கம் நிரம்பி வழியும், சுங்கச்சாவடியில் மட்டும் அரை மணி நேரம் போய்விடும்.

16. சுங்கச்சாவடி திருச்சி மதுரை வழியில் பூதக்குடியிலும் சிட்டம்பட்டியிலும் இருக்கிறது. கிளம்பும் முந்தைய நாளே ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி போய் வரும் வீட்டுக்காருக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ் லாபம். ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். வாடகைக் காருக்கு அது கிடையாது.

17. ஓட்டுநரின் தூக்கத்தை உங்கள் கணக்கில் சேருங்கள். இது மிக முக்கியம். பகல் முழுக்கக் கல்யாண வீட்டுக்கு வண்டி ஓட்டியவரை இரவு 11 மணிக்குக் கூப்பிட்டு "மதுரை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்பது உயிரோடு விளையாடுவது. விடிகாலை 2 முதல் 5 மணி வரை யாருக்கும் கண் செருகும். சாலை நேராகவும் அகலமாகவும் இருப்பதால் அந்த நேரத்தில் தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும். மச்சான் ஓட்டுகிறேன் என்றாலும், வாடகைக்கார் தம்பி ஓட்டுகிறேன் என்றாலும், பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விராலிமலையிலோ துவரங்குறிச்சியிலோ இறங்கி, முகம் கழுவி, டீ குடித்து, கால் மணி நேரம் நடந்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். கண் தாங்கவில்லை என்றால் வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்தி அரை மணி நேரம் தூங்கட்டும். முன் இருக்கையில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். நீண்ட பறப்பு முடித்து வந்த பிள்ளையை அந்த இருக்கையில் உட்கார வைக்காதீர்கள், பின்னால் படுக்க விடுங்கள். விடிந்து கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? நிலையத்தின் அருகிலேயே அறை எடுத்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, வெளிச்சம் வந்ததும் புறப்படுவது செலவு என்று நினைக்க வேண்டியதில்லை.

18. தனியாக, ஒரு பெட்டியோடு வருபவருக்குக் கார் தேவையே இல்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து ஜங்ஷன் 6 கி.மீ.யை ஒட்டி. அங்கிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வைகை போன்ற ரயில்களில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். பேருந்தில் என்றால் 2025-இல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும், பழைய மத்தியப் பேருந்து நிலையத்தில் நிற்காதீர்கள். மாட்டுத்தாவணி வரை இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம். மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் 12 கி.மீ.யை ஒட்டி இருக்கும், ஆட்டோவுக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

19. திருச்சியில் 2024 ஜூன் 11 முதல் புதிய முனையத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பழைய படம், பழைய இடக்குறி வைத்திருக்கும் கைப்பேசியில் வழி பார்த்தால் வேறு வாசலுக்குக் கொண்டுபோய் விடலாம். இடக்குறியை முதல் நாளே புதுப்பித்துவிடுங்கள். வழி காட்டும் செயலியில் இப்போதைய நேரத்துக்குப் பதிலாக, நீங்கள் கிளம்பப் போகும் கிழமையையும் மணியையும் கொடுத்துப் பார்க்க வசதி இருக்கிறது. ஞாயிறு மதியம் வீட்டில் உட்கார்ந்து பார்த்த நேரம் திங்கள் காலைக்குப் பொருந்தாது.

20. முட்டி வலி உள்ள பெரியவர்கள் வந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரம் முன்னாலேயே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது என்றில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். காரில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தே வந்தவர் இறங்கியதும் நேராக வரிசையில் நிற்கக் கூடாது. ஐந்து நிமிடம் காலாற நடந்த பிறகு உள்ளே போகட்டும். அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

21. கடல் குறுக்கே இருக்கும்போது கணக்கு எப்படி மாறும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கி.மீ. மதுரைக்கு ஆகும் தூரத்தைவிட 60 கி.மீ.தான் அதிகம். 2025 மார்ச் 30-இல் இண்டிகோ இந்த வழியில் ஏ.டி.ஆர். விமானம் விடத் தொடங்கியது, பறப்பு ஒரு மணி நேரத்தை ஒட்டி. அதற்கு முன் திருச்சிக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்து உறவு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் சென்னை போய் விமானம் மாறுவது, கொழும்பில் இறங்கி வடக்கே முழு நாள் பயணம் செய்வது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுவது என்றுதான் வழிகள் இருந்தன. இங்கே விமானம் முழு நாளையே மிச்சப்படுத்துகிறது. ஆனால் இதுவும் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், இலங்கைக்கான பயண அனுமதி, மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது எல்லாம் சிங்கப்பூருக்குப் போல இதற்கும் உண்டு. பலாலியிலிருந்து யாழ் நகரம் 16 கி.மீ.யை ஒட்டி. ஆக ஒரு மணி நேரப் பறப்புக்கு வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சிறிய விமானம் என்பதால் அனுமதிக்கும் பெட்டி எடையை டிக்கெட்டில் பார்த்துவிட்டு முறுக்கும் அதிரசமும் கட்டுங்கள். எந்தெந்த நாட்களில் சேவை இருக்கிறது என்பதையும் முன்பதிவுக்கு முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.